மூன்றாவது மரத்துக்கு வைத்திருந்த பத்துப் படங்கள்

இருவர் உள்ளே, ஒருவர் வெளியே. எங்கள் பறவை ஆய்வுக் களநிலையத்தின் பழைய குறிப்பேடுகளில், குளிர்காலப் பக்கங்கள் எல்லாவற்றிலும் இந்த வரி தலைப்பில் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் இளைய சகாக்கள் இருவர் போன மாதம் தொலைபேசியில் கேட்டார்கள்: "மேடம், இது என்ன, சங்கேதமா?" அவர்கள் இப்போது கரையில் நின்றபடியே பறக்கும் கேமராவை அனுப்பி, காப்பி ஆறுவதற்குள் கூடுகளை எண்ணிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது புரியாதது இயற்கை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு குறிப்பிட்ட நாளை எட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் பாலிடெக்னிக்கில் புகைப்படத் தொழில்நுட்ப டிப்ளமோ, விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் ஒன்றரை வருடம், பிறகு களநிலையத்தில் புகைப்பட உதவியாளர் வேலை. முதல் குளிர்காலம் முழுக்க இருட்டறையில் பிலிம் கழுவினேன். இரண்டாவது குளிர்காலத்தில்தான் ஏரிக்குள் இறங்கினேன். எண்பதுகளின் நடுப்பகுதி. மாவட்டம் அப்போது தென்னாற்காடு. எனக்கு இருபத்து மூன்று வயது.

ஏரி ஒலக்கூர்ப் பக்கம். பெயர் வேண்டாம். நடுத்தர ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள், அவற்றில் மூன்றில் நத்தைக்குத்தி நாரைகளின் கூடுகள். மழை ஓய்ந்து மார்கழியில் முட்டை, தையில் குஞ்சு. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை நாயும் நரியும் நெருங்காது. ஆனால் அதே தண்ணீரை நம்பித்தான் கீழே ஊர் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் வைத்திருந்தது. இரண்டு வருடம் முன்பு ஏரியைப் பறவைகளின் காப்பிடம் என்று அறிவித்துப் பலகை நட்டிருந்தார்கள். மதகை எப்போது திறப்பது என்று பலகையில் எழுதவில்லை.

எங்கள் நிலையத் தலைவர் தணிகாசலம் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக இருக்கும்போது "என்னம்மா, வாம்மா" என்பார். கோபம் வந்தால் "சொல்லுங்க", இன்னும் கோபம் வந்தால் "தயவுசெய்து உட்காருங்க". ஏரிக்குள் போகுமுன் செய்முறையை அவர் எதிரில் நின்று வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் அன்றைக்குப் போக முடியாது.

செய்முறை இதுதான். கூட்டு மரங்களிலிருந்து முப்பதடி தள்ளி மூங்கில் பரண் கட்டி, நாலு பக்கமும் கோணிச்சாக்கு தைத்திருப்போம். அதை மறைவு என்போம். அதற்குள் ஆள் இருப்பது தெரிந்தால் நாரைகள் கூட்டுக்குத் திரும்பாது. ஆனால் நாரைக்கு எண்ணத் தெரியாது. இரண்டு பேர் மறைவுக்குள் போய், ஒருவர் மட்டும் எல்லோரும் பார்க்க வெளியே வந்து கரையேறினால், ஆள் போய்விட்டான் என்று அது நினைத்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் கூட்டில் வந்து உட்காரும். அதே போலத்தான் வெளியே வருவதும். போனவர் திரும்பி வர வேண்டும், இருவரும் சேர்ந்து போக வேண்டும். தனியாக வெளியே வந்தால், வெறும் கோணிக்குள்ளிருந்து மனுஷி முளைத்ததைக் கண்ட நாரைகள் அந்த மறைவை அதன் பிறகு நம்பாது. பல நாரைகள் கூட்டையே விட்டுவிடும்.

இன்னொரு விதி: காலை பத்துக்குள் வெளியே வா, இல்லையென்றால் மாலை நாலுக்கு மேல் வா. நடுவில் வராதே. வெயில் ஏறியதும் தாய் நாரை கூட்டின் மேல் சிறகை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். அந்த நேரத்தில் அதைக் கிளப்பினால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வெந்துவிடும்.

என்னோடு உள்ளே வந்து வெளியே போகிறவர் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். ஏரி மதகைத் திறந்து மூடும் வேலை அவர் குடும்பத்துக்கு. மதகுச் சாவி அவர் வீட்டில்தான் இருக்கும். அந்த மதகுத் தண்ணீரில் அவருக்கும் முக்கால் காணி மல்லாட்டை.

அந்தத் தை மாதம் ஊருக்கும் எங்களுக்கும் தகராறு முற்றியது. வருவாய் அதிகாரி ஒரு நாள் குறித்தார். பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம். குஞ்சுகளின் வளர்ச்சியைக் காட்டும் படங்களைக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றிலும் இளைய குஞ்சு பறக்கும் நாள் எதுவோ அதை வைத்து மதகு திறக்கும் தேதியைச் சொல்கிறேன் என்றார். கூட்டத்துக்கு முதல் நாள் நான் ஏரிக்குள் போனேன்.

கையில் இரண்டு கறுப்பு வெள்ளை ரோல், எழுபத்திரண்டு படம். அதற்கு மேல் நிலையத்தில் பிலிம் இல்லை. என் பட்டியல்: முதல் மரம் முப்பத்தாறு, இரண்டாவது மரம் பதினெட்டு, மூன்றாவது மரம் பதினெட்டு. மூன்றாவது மரத்தில் ஏழு கூடு, பதினாறு குஞ்சு. இருப்பதிலேயே இளசு அங்கேதான். பறக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அது மறைவுக்குக் கிழக்கே இருந்தது. காலையில் சூரியன் அதன் பின்னால் நிற்கும். அதனால் கடைசியில் வைத்தேன்.

காலை ஆறு மணிக்கு டயர் ட்யூப் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு இருவரும் போனோம். ஏழுமலைக்கு இடுப்பளவு தண்ணீர்.

"இன்னா மேடம், இன்னிக்கும் கூண்டுல ஒக்காரப் போறீங்களா? எம் பொண்டாட்டி கேக்குறா, ஒனக்கு நாரையா சோறு போடுதுன்னு. மல்லாட்ட வாடிக்கினு கெடக்குது, நான் ஒங்க கூட தெப்பம் தள்ளிக்கினு இருக்கேன்."

"பத்து மணி. மறந்துடாதீங்க."

"எம்மா, சாமிக்கு நேர்ந்துக்கினதகூட மறந்திருக்கேன், நீங்க சொன்னத மறந்ததே இல்ல. எழுதி வெச்சிருக்கீங்க இல்ல, லிஸ்ட்டுல?"

அவர் வேண்டுமென்றே பாட்டுப் பாடிக்கொண்டு தண்ணீரை அறைந்தபடி கரைக்குப் போனார். நாரைகள் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின.

முதல் மரம் சரியாக முடிந்தது. இரண்டாவது மரத்தில் தாய் நாரை ஒன்று அன்றைக்கு முதல் தடவையாகக் குஞ்சுகளின் மேல் சிறகு விரித்தது. அந்த அழகில் எட்டுப் படம் கூடுதலாக எடுத்துவிட்டேன். மீதி பத்து. ஏழு கூட்டுக்குப் பத்து போதும் என்று கணக்குப் போட்டேன். பத்து மணிக்கு வெயில் ஏறும், ஏழுமலை கரையில் தெரிந்ததும் கடகடவென்று எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

பத்து மணிக்குக் கரையில் யாரும் இல்லை. பத்தேகாலுக்கும் இல்லை.

மறைவுக்குள் காலை நீட்ட முடியாது. இருமக்கூடாது. நான் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீருக்கு மேல் குடிக்கவில்லை. குடித்தால் அப்புறம் வெளியே வரும்வரை ஒதுங்கப் பெண்ணுக்கு வழி இல்லை. பத்து தாண்டிவிட்டதால் இனி நாலு மணிதான் என்று எனக்கே ஒப்பித்துக்கொண்டேன். ஏழுமலை வழுக்கி விழுந்திருப்பாரோ, பாம்பு எதுவும் தீண்டியிருக்குமோ என்று மனம் அலைந்தது. பத்தரைக்குக் கண்ணை எங்காவது வைக்க வேண்டும் என்று, இரண்டாவது மரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நட்டிருந்த அளவுக் கம்பைப் பார்த்தேன். அடி, அங்குலம் வர்ணம் பூசிய மூங்கில். தண்ணீருக்கு மேலே, கம்பில் ஒரு மெல்லிய ஈர வளையம் கறுப்பாகத் தெரிந்தது. காலையில் அது இல்லை.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மதகு திறந்திருக்கிறது. சாவி ஏழுமலையிடம். ஏழுமலை வரவில்லை.

இந்த மூன்று வரியும் மனதில் அடுத்தடுத்து வந்து உட்கார்ந்தன. நாளைக்குக் கூட்டம், அதற்குள் வடித்துவிட்டால் பேச ஒன்றும் இருக்காது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள், அதற்கு என்னையும் இங்கே அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். கத்த முடியாது. வெளியே போக முடியாது. தலைக்கு மேல் வெயில், மூன்று மரத்திலும் விரித்த சிறகுகள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். லென்ஸைக் கம்புக்குத் திருப்பி ஒரு படம் எடுத்து, நேரத்தைக் குறித்தேன். 10.30.

பதினொன்றுக்கு இன்னொன்று. பதினொன்றரைக்கு இன்னொன்று. ஈர வளையம் அகலமாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஏழு இருக்கிறது, கூட்டுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு மீதி ஆறு. தண்ணீரே போய்விட்டால் குஞ்சின் படத்தால் யாருக்கு என்ன பயன், முதலில் இந்தத் திருட்டுக்குச் சாட்சி வேண்டும் என்று நியாயம் கண்டுபிடித்தேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் மேற்கே சாய்ந்து மூன்றாவது மரத்தின் மேல் நேராக விழுந்தது. கூட்டு விளிம்பில் வெண்பஞ்சுத் தலைகள் எண்ணும்படி தெரிந்தன. நான் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் படம் எடுத்தபின் பிலிமை நகர்த்தும் நெம்பியைத் தள்ளினேன். அசையவில்லை. பிலிம் முடிந்திருந்தது. தண்ணீர் அதற்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

நாலேகாலுக்கு ஏழுமலை வந்தார். பாட்டு இல்லை. கோணியை விலக்கி, "வாங்க மேடம்" என்றார். கரையேறியதும் ஓடையோரப் புதர்ப் பக்கம் ஓடினேன். திரும்பி வந்து கேட்டேன்.

"மதகைத் தொறந்தது யாரு?"

"நான்தான்."

அவர் அவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒன்பது மணிக்கு இருபது பேரு வந்துட்டானுங்க மேடம், கடப்பாரையோட. எம் மச்சான்தான் மொத ஆளு. சாவி குடுடான்றான். குட்த்தா மதகுப் பலகைய முழுசாத் தூக்கிடுவானுங்க. குடுக்கலன்னா பலகைய ஒடச்சிடுவானுங்க. ஒடஞ்சிச்சுன்னா ஒங்க சாரே குறுக்கால படுத்தாலும் அடைக்க முடியாது. பெரிய பேஜாரு. அதான் நானே தொறந்தேன், அரைக்கும் கம்மியா. சாவிய இடுப்புல முடிஞ்சிக்கினு மதகு மேலயே ஒக்காந்துட்டேன். எழுந்து வந்தா மீதியையும் தூக்கிடுவானுங்க இல்ல? இப்பதான் மாடு கட்டப் போனானுங்க. ஜல்தியா மூடிட்டு வர்றேன்."

"நான் உள்ள இருக்கிறது நெனப்பில்லையா?"

"அது இல்லாமயா? நீங்க வெளிய வரமாட்டீங்கன்னு தெரியும். லிஸ்ட்டு மேடமாச்சே. வேற ஆளா இருந்தா பயந்திருப்பேன்."

அவர் என்னை நம்பி மதகில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் முழுக்க நான் அவரைத் திருடன் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படங்களைப் பற்றி அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையை வாடகைக்குப் பேசியிருந்தோம். ஆறரை மணிக்கு நெகட்டிவ் காய்ந்தது. தணிகாசலம் சார் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தார்.

"முதல் மரம் நல்லா வந்திருக்கும்மா. இரண்டாவது... நல்லாருக்கு. மூணாவது?"

"இல்ல சார்."

"இல்லன்னா?"

"எடுக்கல சார். கம்பை எடுத்தேன்." நடந்ததை வரிசையாகச் சொன்னேன், ஏழுமலை சொன்னதையும்.

அவர் உருப்பெருக்கியை மேஜையில் வைத்தார். "தயவுசெய்து உட்காருங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். "நீங்க படம் எடுக்கப் போனீங்களா, சாட்சி சொல்லப் போனீங்களாங்க? தண்ணி இறங்கினா கம்புல மறுநாளும் தெரியுங்க. குஞ்சோட வயசு மறுநாள் அதே இருக்காதுங்க." பிறகு அந்தப் பத்தையும் தனியாக அச்செடுத்து என் கோப்பில் வைத்தார். "இதைக் காட்டறதும் காட்டாததும் உங்க முடிவு. எடுத்தது நீங்க."

மறுநாள் பஞ்சாயத்துக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. அதிகாரி இரண்டு மரங்களின் படங்களையும் பார்த்தார். இறகுக்குச்சி உடைந்து உள்ளிருந்து இறகு விரிகிறது, பன்னிரண்டு நாளில் பறந்துவிடும் என்று சார் விளக்கினார். மூன்றாவது மரம் எங்கே என்று அதிகாரி கேட்டார்.

"படம் இல்லை சார். நேரில் பார்த்தேன். அதில் பதினாறு குஞ்சு, எல்லாம் இளசு. குறைந்தது இன்னும் மூன்று வாரம் வேண்டும்" என்றேன்.

ஏழுமலையின் மச்சான் எழுந்தார். "மூணு வாரம்னு வாயால சொன்னா எப்பிடிங்க? அப்ப எம் பயிரு நாளைக்கே செத்துடும்னு நானும் வாயால சொல்றேன், எழுதிக்குங்க." சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஓர் அம்மா சிரிக்காமல் கேட்டார்: "எங்க வூட்லயும் மூணு வாயத் தொறந்துக்கினுதான் இருக்குது. அதையும் வந்து படம் புடிங்களேன்."

அதிகாரி கேட்டார்: "நேற்று யாராவது மதகைத் திறந்தீர்களா?"

"யாரும் தொடலீங்க" என்றார் மச்சான். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பு என் மடியில் இருந்தது. பத்துப் படம், அரை மணிக்கு ஒன்று, ஒவ்வொன்றின் பின்புறமும் எடுத்த நேரம். மேஜையில் வைத்தால் மதகுக்கு முத்திரை விழும், ஒரு மாதம் தண்ணீர் நிற்கும், மூன்றாவது மரம் பிழைக்கும். சாவி யாரிடம் என்பது ஊருக்கே தெரியும். முத்திரையோடு ஏழுமலையின் பொறுப்பும் போகும். தண்ணீர் இறங்கியது அந்தப் படங்களில் தெரியும். எவ்வளவு இறங்காமல் ஒருவர் பிடித்துவைத்தார் என்பது தெரியாது. சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேறு ஏதாவது இருக்கிறதாம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லை சார்" என்றேன்.

பன்னிரண்டு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பெருமுக்கல் குன்று தாண்டிய பிறகு, "காலையில சாப்பிட்டியா நீ?" என்றார். அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் மதகு முறைப்படி திறந்தது. முதல் இரண்டு மரங்களின் குஞ்சுகள் பறந்திருந்தன. ஐந்து நாளில் மூன்றாவது மரம் சேற்றில் நின்றது. அன்று காலை நான் போனபோது ஏழுமலை வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கட்டுக் கட்டாக மரத்தைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அரிவாளை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குத்தான் சொன்னேன்.

"உங்களை மாட்டிவிடப் பத்துப் படம் எடுத்தேன், அன்னிக்கு."

"கேள்விப்பட்டேன், ஸ்டூடியோக்காரன் சொன்னான். நான் மதகு மேல ஒக்காந்துக்கினு இருந்தது தெரியுதா அதுல?"

"தெரியல."

"அப்ப வேஸ்ட்டு" என்றார். "அந்தக் கட்ட இப்பிடி இழுங்க. கைய கிழிச்சுக்காதீங்க."

அடுத்த பத்து நாளும் காலையில் போய் எண்ணினேன். ஒவ்வொரு நாளும் தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்து, தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணுவேன். பதினாறு, பதினாறு, பதினான்கு. இரண்டு காற்றில் விழுந்தன. ஒரு நாள் நாய்கள் முள்ளில் வழி கண்டுபிடித்தன, அன்று நாலு. இன்னொன்று எப்படிப் போனதென்று தெரியவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகக் கிளம்பின.

கடைசிக் குஞ்சு பறக்கவில்லை, குதித்தது. வெடித்த சேற்றில் நீண்ட காலை எடுத்துவைத்து மீதிக் குட்டையை நோக்கி நடக்க ஆரம்பித்தது. ஏழுமலை துண்டை அவிழ்த்துச் சுழற்றி நாய்களை விரட்டியபடி, அது மிரளாத தூரத்தில் பின்னாலேயே போனார். குட்டை ஓரத்தில் அது இரண்டு தடவை சிறகடித்தது. மூன்றாவது தடவை எழும்பியது. கரையைத் தாண்டி, மதகைத் தாண்டி, தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த அவருடைய மல்லாட்டைக் காட்டின் வாய்க்காலில் இறங்கியது.

அவர் மனைவி அஞ்சலை மண்வெட்டியோடு நின்றிருந்தார். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார்.

"ஏய், அடிக்காத!" என்று ஏழுமலை கரையிலிருந்து கத்தினார்.

"செடிய மிதிக்குதுய்யா!"

"மிதிக்கட்டும், நத்த பொறுக்கிட்டுப் பூடும்!"

அஞ்சலை கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "இதான் கடைசியா?"

"ஆமாங்க."

"மொத்தம் எத்தினி இருந்துச்சி?"

"பதினாறு."

"பறந்தது?"

"இதோட ஒன்பது."

"பாதிக்கு மேல" என்று சொல்லிக் கட்டியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த பாத்திக்கு மடை மாற்றப் போனார்.

குறிப்பேட்டில் மீதி ஏழுக்கும் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'நீர் வடிந்தது' என்று எழுதினேன். சற்று நேரம் கழித்து அதை அடித்துவிட்டு, 'உரிய நாளில் படம் எடுக்கப்படவில்லை' என்று எழுதினேன். கூட்டத்தில் நான் வாய் திறக்காததை எழுத அதில் இடமில்லை. மாலையில் தணிகாசலம் சார் அந்தப் பக்கத்தைப் படித்தார். அடித்த வரியையும் படித்தார். கீழே கையெழுத்துப் போட்டுக் குறிப்பேட்டை மூடினார்.